9 வாங்கிய பள்ளியா, 4 வாங்கிய பள்ளியா? கலிஃபோர்னியாவில் கிண்டர்கார்ட்டன் சேர்க்கை

புதுவீடு:

அனைவருக்கும் வணக்கம். மகளுக்கு வரும் ஆகஸ்டில் கிண்டர்கார்ட்டன் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒப்பந்தம் ஜூனில் முடிவதால் வேறு வீடு தேடுகிறோம். பார்த்தவற்றில் இரண்டு வீடுகள் பிடித்திருக்கின்றன. இரண்டும் ஒரே பள்ளி மாவட்டம்தான், ஆனால் சேர்க்கை எல்லை நடுவே ஓடுவதால் இரண்டுக்கும் வெவ்வேறு தொடக்கப்பள்ளிகள். பள்ளிகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும் கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தில் ஒன்றுக்கு 9, மற்றதற்கு 4.

4 வாங்கிய பள்ளியின் பக்கம் வாடகை கணிசமாகக் குறைவு. மகளை நடந்தே கூட்டிப்போகலாம். மாமியார் எங்களோடு இருக்கிறார், அவருக்கும் அந்தத் தரைத்தள வீடுதான் வசதி. 9 வாங்கிய பள்ளியின் பக்கம் கிடைத்தது சின்ன வீடு, மாடியில்.

மாநிலக் கல்வித்துறையின் தளத்தில் புள்ளிவிவரத்தையும் பார்த்தேன். 4 பள்ளியில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியவர்கள் என்று போட்டிருக்கிறது. ஏறக்குறையப் பாதிப் பேர் ஆங்கிலம் கற்போர் பட்டியலில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஹிஸ்பானிக் குடும்பங்கள். ஆசியர் என்ற கட்டத்தில் மிகச் சிலர். கணக்கில் தரநிலையை எட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. 9 பள்ளியில் இவை எல்லாமே தலைகீழாக இருக்கின்றன.

கணவரின் நண்பர்கள் ஒரே குரலில், "அங்கே நம் பிள்ளைகளே இல்லை, உங்கள் மகள் பின்தங்கிப்போவாள்" என்கிறார்கள். இந்தப் பேச்சு எனக்கு உறுத்துகிறது. நான் தென்காசிப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் படித்தவள். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேரின் அம்மாக்கள் பீடி சுற்றினார்கள். அந்த வகுப்பில்தான் நான் எழுதப் படிக்கக் கற்றேன். ஆனாலும் என் பழைய பாசத்துக்காக மகளின் படிப்பைப் பணயம் வைக்கிறேனோ என்ற பயமும் இருக்கிறது. அந்த 4 என்ற எண் உண்மையில் எதைச் சொல்கிறது? இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொரு சந்தேகம். சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்கிறார்கள். தமிழ் என்று எழுதினால் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள், ஆங்கிலம் என்று எழுது என்கிறார்கள். உண்மையா?

ஏரிக்கரை:

யோசிக்கவே வேண்டாம், 9 பள்ளிக்குப் போங்கள். வாடகை வித்தியாசத்தைப் பிள்ளையின் படிப்புச் செலவாக நினைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஒரு வருடத்தில் பழகிவிடும். கூடப் படிக்கும் பிள்ளைகள் எப்படியோ அப்படித்தான் நம் பிள்ளையும். எங்கள் தெருவில் எல்லாரும் இதைப் பார்த்துத்தான் வீடு எடுத்தோம்.

கரும்பலகை:

தங்கைக்கு வணக்கம். நான் கலிஃபோர்னியாவில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் பள்ளியும் நீங்கள் சொல்லும் 4 பள்ளி மாதிரிதான். என் மனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டே இதைப் படியுங்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். அதற்கு முக்கிய அடிப்படை மாநிலத் தேர்வு முடிவுகள். 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் மாநிலத் தேர்வு நடத்த வேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். 2002-இல் கையெழுத்தான சட்டம் அதைக் கொண்டுவந்தது, 2015-இல் அதன் இடத்துக்கு வந்த சட்டமும் அதைத் தொடர்ந்தது. ஆக, ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் தேர்வு எழுதுவது கடைசி மூன்று வகுப்புகள் மட்டுமே. கிண்டர்கார்ட்டன், ஒன்று, இரண்டு ஆகிய வகுப்புகளில் எழுத்தை எப்படி அறிமுகம் செய்கிறார்கள், படிக்கத் திணறும் குழந்தையை எத்தனை வாரத்தில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் நேராக வராது. உங்கள் மகள் அடுத்த மூன்று ஆண்டுகள் இருக்கப்போவது அங்கேதான்.

மூன்றாம் வகுப்பின் வசந்தத்தில் என் பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்து தேர்வு எழுதும்போது அவர்களுக்கு எட்டு, ஒன்பது வயது. அதற்குள் வீட்டில் கேட்ட கதைகள், அம்மாவின் படிப்பு, ஆண்டு நடுவில் வீடு மாறியது, ஒரே அறையில் ஆறு பேர் தூங்கியது என எல்லாமே அந்த மதிப்பெண்ணுக்குள் போய்விடுகின்றன. பள்ளி செய்தது அதில் ஒரு பங்கு மட்டுமே. இது புதிதாகத் தெரிந்த விஷயமும் அல்ல. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின்படி நாடு முழுவதும் பல இலட்சம் மாணவர்களிடம் ஆய்வு செய்து, ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு 1966-இல் அறிக்கை தந்தது. பள்ளிகளின் வசதி வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண் வேறுபாட்டோடு அதிகம் ஒத்துப்போகிறது என்றது அது. பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் குழு நாட்டின் ஏறக்குறைய எல்லா அரசுப் பள்ளிகளின் தேர்வு முடிவுகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து பார்த்தது. சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு இறுகப் பிணைந்திருக்கிறது. ஆனால் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பது வசதியோடு அவ்வளவாகப் பிணையவில்லை. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளில் வேகமாக வளர்பவையும் உண்டு, வசதியான பகுதிப் பள்ளிகளில் அசையாமல் நிற்பவையும் உண்டு. அந்தத் தரவு எஜுகேஷனல் ஆப்பர்ச்சூனிட்டி ப்ராஜெக்ட் என்ற பெயரில் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. உங்கள் இரண்டு பள்ளிகளையும் அதில் தேடிப் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். எண்கள் நானே வைத்துக்கொண்டவை. இரண்டு பள்ளிகளிலும் நூறு நூறு பேர் தேர்வு எழுதினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பள்ளியில் 90 பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், அவர்களில் 77 பேர் தரநிலையை எட்டினார்கள். மீதி 10 பேரில் 4 பேர் எட்டினார்கள். மொத்தம் 81. இரண்டாவது பள்ளியில் வசதியான பிள்ளைகள் 30 பேர், எட்டியவர்கள் 26. வசதி குறைந்தவர்கள் 70 பேர், எட்டியவர்கள் 32. மொத்தம் 58. வெளியே தெரிவது 81-உம் 58-உம்தான். ஆனால் வகுத்துப் பாருங்கள். வசதியான பிள்ளைகளும் இரண்டாவது பள்ளியில்தான் சற்று மேல், வசதி குறைந்தவர்களும் அங்கேதான் மேல். நீங்கள் பார்க்கும் இரண்டு பள்ளிகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. மொத்த எண்ணை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்கிறேன். மாநிலத் தளத்தில் பிரிவு வாரியான முடிவுகள் இருக்கின்றன. பெற்றோரின் படிப்பு நிலை வாரியாகக்கூடப் பிரித்துப் பார்க்கலாம். உங்கள் வீட்டைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பள்ளியிலும் எப்படிச் செய்கிறார்கள் என்று அங்கே தேடுங்கள்.

அடுத்து, பின்தங்கியவர்கள் என்ற அந்தச் சொல். படித்தால் பிள்ளையே பின்தங்கியதுபோல் ஒலிக்கிறது. கலிஃபோர்னியாவில் அந்தப் பட்டியலில் வருவதற்கு முக்கியமான வழிகள் இரண்டு: குடும்ப வருமானம் இலவச அல்லது சலுகை விலை உணவுக்கான வரம்புக்குள் இருக்க வேண்டும், அல்லது பெற்றோர் இருவருமே உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்களாக இருக்க வேண்டும். இலவச உணவு வரம்பு வறுமைக்கோட்டின் 130 விழுக்காடு, சலுகை விலைக்கு 185 விழுக்காடு. 2022-23 முதல் இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை, மதிய உணவு இலவசம் என்றாலும் இந்தக் கணக்கு தொடர்கிறது. திராட்சைத் தோட்டத்திலும் உணவக அடுப்படியிலும் இரவுக் காவலிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் இவர்கள். மாலையில் நடக்கும் பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புக்கு வேலைச் சீருடையோடு ஓடி வருகிற அப்பாக்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். குழந்தைக்கு என்ன வரவில்லை, வீட்டில் நான் என்ன செய்யட்டும் என்று அவர்கள் கேட்கும் கேள்வி உங்கள் கேள்விதான்.

ஆங்கிலம் கற்போர் பிரிவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டுதோறும் எல்பேக் என்ற மொழித் தேர்வு வைக்கிறோம். அதில் தேறி, ஆசிரியரின் மதிப்பீடு, பெற்றோரின் கருத்து, அடிப்படைத் திறன் எல்லாம் சரியாக இருந்தால் அந்தப் பிள்ளை பட்டியலிலிருந்து வெளியே போய்விடும். நன்றாக வருகிறவர்கள் வெளியேற, புதிதாக வந்தவர்கள் உள்ளே சேர, அந்தப் பிரிவின் மதிப்பெண் எப்போதும் தாழ்ந்தே தெரியும். எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் அது அப்படித்தான். அதனால் அந்தப் பிரிவின் தேர்ச்சியோடு நிறுத்தாமல், பிள்ளைகள் எத்தனை ஆண்டுகளில் வெளியேறுகிறார்கள் என்று பாருங்கள். ஐந்தாம் வகுப்பு முடிந்தும் பலர் அதே பட்டியலில் இருந்தால் கவலைப்பட வேண்டும். இன்னொன்று, பள்ளிகளின் நிலையை நிறங்களால் காட்டும் மாநிலத்தின் டாஷ்போர்டு தளத்தில் ஆங்கிலம் கற்போர் என்று காட்டும்போது கடந்த நான்கு ஆண்டுகளில் வெளியேறியவர்களையும் சேர்த்தே காட்டுவார்கள். தேர்வு முடிவுத் தளத்தில் இப்போது பட்டியலில் இருப்பவர்கள் மட்டும். இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்பிவிடாதீர்கள்.

என் வகுப்பில் இருந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெக்சிகோவின் வஹாக்கா மலைப் பகுதியிலிருந்து இரண்டாம் வகுப்பின் நடுவில் வந்து சேர்ந்தான். பதிவேட்டில் வீட்டு மொழி ஸ்பானியம் என்று இருந்தது. அவன் பாட்டி பேசியதோ மிஷ்டெக் என்ற பழங்குடி மொழி. ஸ்பானியமும் அவனுக்குக் கற்ற மொழிதான், அதுவும் அரைகுறையாக. என்னிடம் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது பெருக்கல் தலைகீழ்ப் பாடம். ஆனால் கணக்கு ஆங்கில வாக்கியமாக வந்தால் அப்படியே உறைந்துவிடுவான். எங்கள் தேர்வில் கணக்கும் வாக்கியமாகத்தான் நிறைய வருகிறது, விடைக்குக் காரணமும் தட்டச்சு செய்ய வேண்டும். திரையில் ஸ்பானிய மொழிபெயர்ப்பு வைத்துக்கொள்ளலாம், அவனுக்கு அதுவும் பாதிதான் உதவியது. அந்த ஒரே ஆண்டில் எழுத்துக் கூட்டிப் படிப்பதிலிருந்து சின்னக் கதைப் புத்தகத்தைத் தானே முடிக்கும் அளவுக்கு வந்தான். மாநில அறிக்கை அவனைக் கடைசி நிலையில் வைத்தது. எங்கள் பள்ளியின் மதிப்பெண்ணை இறக்கியவர்களில் அவனும் ஒருவன். அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த எந்தப் பிள்ளையும் அதனால் எதையும் இழக்கவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனென்றால் அவர்களுக்கும் நான்தான் பாடம் நடத்தினேன்.

மொழிக் கேள்விக்கு வருகிறேன். தயவுசெய்து தமிழ் என்றே எழுதுங்கள். எழுதினால் நடப்பது இதுதான்: சேர்ந்த 30 நாட்களுக்குள் மகளுக்குத் தொடக்க எல்பேக் தேர்வு வைப்பார்கள். ஆங்கிலம் சரளமாக இருந்தால் சரளமானவர் என்று பதிந்து அதோடு முடித்துவிடுவார்கள். இல்லையென்றால் வழக்கமான வகுப்பிலேயே இருந்துகொண்டு நாள்தோறும் மொழிப் பயிற்சியும் பெறுவாள். அது பிள்ளையின் உரிமை. சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனக் குடும்பங்கள் தொடுத்த வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் மேல் நிற்கிற உரிமை. ஆங்கிலம் என்று பொய்யாக எழுதிவிட்டு, பிள்ளை புரியாமல் விழித்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்காது.

கடைசியாக, நேரில் போங்கள். தலைமையாசிரியரிடம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். கிண்டர்கார்ட்டன் ஆசிரியர்கள் எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார்கள், படிக்கத் திணறும் குழந்தைக்கு என்ன செய்வீர்கள், முன்னாலேயே படிக்கத் தெரிந்து வரும் குழந்தைக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். இரண்டு பள்ளியிலும் இதே மூன்று கேள்விகள்.

மலையோரம்:

ஆசிரியை அம்மா சொன்னதை மதிக்கிறேன், ஆனாலும் எதிர்ப்பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். என் மகன் இதுபோன்ற பள்ளியில்தான் இரண்டு ஆண்டுகள் படித்தான். ஆசிரியை தங்கமானவர். ஆனால் வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டுவதே சிரமமாக இருக்க, அவருடைய நேரம் முழுக்க அங்கேதான் போனது. முறைப்படி அது சரிதான். என் மகன் ஏற்கனவே தெரிந்ததை முடித்துவிட்டுப் படம் வரைந்துகொண்டு காத்திருப்பான். கேட்டபோது, அவன் நன்றாகத்தானே இருக்கிறான் என்றார்கள். நன்றாக இருக்கிற பிள்ளைக்கும் கற்க உரிமை உண்டு.

மீத்திறன் மாணவர்களுக்கான கேட் திட்டம் இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் 2013-இல் நிதி முறை மாறியபோது அதற்கென்று இருந்த தனி நிதியைப் பொது நிதியோடு கலந்துவிட்டார்கள். இப்போது வைப்பதும் விடுவதும் மாவட்டத்தின் விருப்பம். அதோடு, அம்மா குறிப்பிட்ட அதே கோல்மன் அறிக்கை, கூடப் படிக்கும் மாணவர்களின் பின்னணியும் முக்கியம் என்று சொன்னது. அதை விட்டுவிட்டார்.

கரும்பலகை:

மலையோரம் ஐயா, உங்கள் மகனுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. காத்திருக்க வைப்பது கற்பித்தல் ஆகாது, இதில் உங்களோடு நிற்கிறேன். முன்னாலேயே படிக்கத் தெரிந்து வரும் குழந்தைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சொன்னது இதனால்தான். "அவள் நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று பதில் வந்தால் தங்கை அந்தப் பள்ளியைத் தாராளமாக விட்டுவிடலாம், அதன் மதிப்பெண் 9 ஆனாலும். வாசிப்புக்கு வகுப்பு எல்லையைத் தாண்டிக் குழுப் பிரிக்கிற பள்ளிகள் உண்டு. எங்கள் பள்ளியில் காலையில் ஒரு பாடவேளை அப்படித்தான், இரண்டாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்புப் புத்தகத்தோடு வேறு அறைக்குப் போவாள்.

கோல்மன் அறிக்கை உடன்படிப்போரைப் பற்றிச் சொன்னது உண்மை. அதன் மறுபாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வீட்டுப் பின்னணி வலுவாக உள்ள பிள்ளைகளைவிட, அது இல்லாத பிள்ளைகளைத்தான் பள்ளியும் உடன்படிப்போரும் அதிகம் பாதிக்கிறார்கள் என்றது அது. தங்கையின் மகளுக்கு வீட்டில் படித்த அம்மா இருக்கிறார், கதை சொல்லப் பாட்டி இருக்கிறார். அவள் அந்த வகுப்பில் உட்கார்வதால் யாருக்கு என்ன கிடைக்கும் என்றும் ஒருமுறை யோசியுங்கள். ஆனால் முடிவு உங்கள் மகளை வைத்துத்தான், ஊருக்கு நன்மை செய்வதற்காக எடுக்க வேண்டியது அல்ல.

2013-இன் நிதி மாற்றத்தில் இன்னொன்றும் வந்தது. வருமானம் குறைந்த பிள்ளை, ஆங்கிலம் கற்கும் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் மாவட்டத்துக்கு அடிப்படைத் தொகைக்கு மேல் 20 விழுக்காடு கூடுதலாக வருகிறது. மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் 55 விழுக்காட்டைத் தாண்டினால் அதற்கும் மேல் உண்டு. எங்கள் பள்ளிக்கு வாசிப்புப் பயிற்றுநர் கிடைத்தது இப்படி வந்த பணத்தில்தான். அந்தப் பணத்தில் என்ன செய்கிறார்கள் என்று அந்தப் பள்ளியில் கேளுங்கள், பதில் தயாராக இருக்க வேண்டும்.

அட்டவணை:

வேறொரு பள்ளி மாவட்ட அலுவலகத்தில் தரவுப் பிரிவில் வேலை செய்கிறேன். எண்களைப் பற்றிச் சில வார்த்தைகள்.

ஒரு வகுப்பில் 60 பேர் என்றால் ஒரே பிள்ளை தேர்ச்சியை ஏறக்குறைய 1.7 புள்ளி ஏற்றலாம் அல்லது இறக்கலாம். 32 பேர் உள்ள பிரிவில் ஒரு பிள்ளைக்கு 3 புள்ளி. ஆகவே சென்ற ஆண்டைவிட 5 புள்ளி குறைந்துவிட்டது என்று ஒரு பள்ளியை ஒதுக்காதீர்கள், இரண்டு குடும்பங்கள் ஊர் மாறியதே காரணமாக இருக்கலாம். மூன்று, நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். 2020 வசந்தத்தில் தேர்வே நடக்கவில்லை, 2021-இல் எல்லாரும் எழுதவில்லை, அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள்.

தேர்வு எழுதியவர்கள் 11 பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறிதான் இருக்கும். யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. டாஷ்போர்டில் நிறம் காட்ட ஒரு பிரிவில் 30 பேராவது வேண்டும். அந்த நிறமும் இந்த ஆண்டின் நிலை, சென்ற ஆண்டிலிருந்து வந்த மாற்றம் இரண்டையும் கலந்து வருவது. நல்ல நிலையில் உள்ள பள்ளி சற்றே சறுக்கினாலும் நிறம் மாறும், தாழ்ந்த நிலையில் உள்ளது ஏறினாலும் மாறும்.

ஆசியர் என்ற கட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஃப்ரீமான்ட்டில் மென்பொருள் வேலையில் இருக்கும் இந்தியக் குடும்பமும், ஃப்ரெஸ்னோவில் அகதிகளாக வந்த ஹ்மாங் குடும்பத்தின் பேரப்பிள்ளையும் அதே கட்டம். ஃபிலிப்பினோக்களைக் கலிஃபோர்னியா தனியாகக் காட்டுகிறது, மற்றவர்களுக்கு அது இல்லை. நம் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று அந்தக் கட்டத்தில் தேடுகிறவர்களுக்கு அது பதில் தராது.

வசதியான பகுதிப் பள்ளிகளின் கணக்கு மதிப்பெண்ணில் மாலை நேரத் தனிப்பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. அதற்கான கட்டணம் எந்த அட்டவணையிலும் இல்லை. பெற்றோர் கட்டியதைப் பள்ளி சாதித்ததாக எண்ணிக்கொள்கிறோம்.

மதிப்பெண்ணுக்கு முன்னால் நான் பார்ப்பது நெடுநாள் வராதோர் விழுக்காடு. பள்ளி நாட்களில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள், அதாவது 180 நாளில் 18 நாள். பின்தங்கிய பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளியில் இது தாழ்வாக இருந்தால், அங்கே யாரோ காலையில் தொலைபேசியை எடுத்து வீடு வீடாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்று பொருள்.

புதுவீடு:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. உடனே இரண்டு பள்ளிக்கும் போய்வந்தேன்.

9 பள்ளியில் கட்டடம் அழகு, நூலகம் பெரிது. தலைமையாசிரியர் அன்பாகப் பேசினார். படிக்கத் திணறும் குழந்தைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, இங்கே அப்படிப்பட்டவர்கள் குறைவு, பெரும்பாலும் பெற்றோரே வெளியில் பயிற்சி வைத்துக்கொள்கிறார்கள் என்றார். அட்டவணை சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

4 பள்ளியில் கிண்டர்கார்ட்டன் வகுப்பில் சற்று நேரம் உட்கார அனுமதித்தார்கள். நான்கு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை. ஒரு மூலையில் உதவியாளர் மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒலிகளைப் பிரித்துச் சொல்ல வைத்தார். இன்னொரு பக்கம் இரண்டு பேர் தாமாகவே புத்தகம் படித்தார்கள், ஆசிரியை இடையிடையே வந்து கதையைப் பற்றிக் கேட்டார். ஆசிரியைகளில் மிகப் புதியவரே ஆறு ஆண்டாக இருக்கிறாராம். மலையோரம் அண்ணன் சொன்னதையும் மறக்காமல் கேட்டேன். படிக்கத் தெரிந்து வரும் பிள்ளைகளை வாசிப்பு நேரத்தில் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புவோம் என்றார்கள். கணக்கில் அப்படி எதுவும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

பெற்றோரின் படிப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பட்டம் பெற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கு 4 பள்ளியில் பல ஆண்டுகளில் நட்சத்திரக் குறிதான், எண் இருக்கும் ஆண்டுகளில் 9 பள்ளியைவிடச் சற்றுக் குறைவு. பெரிய வித்தியாசம் என்று எனக்குப் படவில்லை. நெடுநாள் வராதோர் இரண்டு பள்ளியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 9 பள்ளியிலும் அது அவ்வளவு இருந்தது எனக்கு ஆச்சரியம்.

கணவரோடு பேசி 4 பள்ளியின் பக்கம் உள்ள வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். படிவத்தில் தமிழ் என்றே எழுதினேன். கணக்கை வீட்டில் நான் பார்த்துக்கொள்வேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி. டிசம்பரில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருக்கிறோம், ஜனவரி மூன்றாம் வாரம்தான் திரும்புவோம். இதுவும் அந்த 18 நாள் கணக்கில் வருமா?

கரும்பலகை:

வரும் தங்கையே. 9 பள்ளியில் அந்த விழுக்காடு கூடியதற்கும் இதுபோன்ற பயணங்கள் ஒரு காரணமாக இருக்கலாம். விடுமுறை நாட்கள் கணக்கில் சேராது, பள்ளி நடக்கும் நாட்கள் மட்டும் சேரும். ஜனவரியில் நீங்கள் விடுவது இரண்டு வாரத்துக்குக் குறையாது. அதோடு ஓர் ஆண்டில் வருகிற சளி, காய்ச்சலையும் கூட்டினால் 18-ஐத் தொட்டுவிடும்.

கலிஃபோர்னியாவில் பல மாவட்டங்கள் இதற்கு இன்டிபென்டன்ட் ஸ்டடி என்ற ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. ஆசிரியை பாடங்களைத் தருவார், நீங்களும் பள்ளியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், வேலையை முடித்துக் கொடுத்தால் அந்த நாட்கள் வருகையாகவே பதிவாகும். குறைந்தது எத்தனை நாள் பயணம் என்றால் தருவார்கள் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். நவம்பர் தொடக்கத்திலேயே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்தபின் கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். கிண்டர்கார்ட்டன் ஜனவரியில்தான் எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாகப் படிக்கும் வேலை மும்முரமாக நடக்கும். முடிந்தால் திரும்பும் டிக்கெட்டை ஒரு வாரம் முன்னால் மாற்றப் பாருங்கள்.

பள்ளியில் ஆங்கிலம் கற்போர் 21 பேரோ அதற்கு மேலோ இருப்பதால் அவர்களின் பெற்றோருக்கான ஆலோசனைக் குழு ஒன்று கட்டாயம் இருக்கும். மகள் எந்தப் பிரிவில் பதிவானாலும், முதல் கூட்டம் என்றைக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கும் வாசிப்பு நேரம்போல் ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதை அங்கே எழுப்பலாம்.